கழித்தால் ஒன்று

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். அவள் வாயிலிருந்து ஒரு விஷயத்தைப் பிடுங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். வேலையும் அப்படித்தான். ஆஸ்பத்திரிப் பதிவு, மருந்துக்கடைப் பதிவு, வேலையிடத்துப் பதிவு என்று ஒரே ஆள் பத்து இடத்தில் சிதறிக் கிடப்பான். அவனைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, பெயரை உருவிவிட்டு, ஓர் எண்ணைக் கொடுப்போம். எங்கள் அறைக்குப் பெயர் தெரியும், நோய் தெரியாது. மாடி அறைக்கு நோய் தெரியும், பெயர் தெரியாது. இரண்டு அறைக்காரர்களும் சேர்ந்து டீ குடிக்கக்கூடாது என்றுகூட விதி. எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் படும். பூட்டக்காவோ மாடிக்காரர்கள் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிதான் உலகம். பக்கத்துப் பள்ளி விடுதியில் சமையல்காரன். அக்காவோடு வாடகை வீட்டில் இருந்தான். நான் போனால், "அக்கா, யாருக்கு என்ன வியாதின்னு ஒண்ணாவது சொல்லுங்களேன், பொழுது போகும்" என்று என்னைச் சீண்டுவான். கொஞ்ச நாளாக இளைத்திருந்தான். கேட்டால் அடுப்புச் சூடு என்பான்.

அந்த வருடம் சமையல் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. மாடியில் தயாரித்த அறிக்கை காலையிலேயே எல்லாப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் போய்விட்டது. எங்களுக்கும் ஒரு பிரதி வந்தது. புரட்டிக்கொண்டே வந்த பூட்டக்கா, விடுதிச் சமையல்காரர்கள் பற்றிய பக்கத்தில் நின்றுவிட்டாள். எண்ணிக்கை ரொம்பக் குறைவாக இருந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று, எண்ணுக்குப் பதில் நட்சத்திரம் போடுவது வழக்கம். எச்.ஐ.வி. சிகிச்சை பெறுபவர்கள் வரிசையில் எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். மற்ற வட்டாரங்களுக்கு எண் இருந்தது. கடைசியில் மொத்தத்தையும் போட்டுத் தொலைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

பூட்டக்கா பென்சிலை எடுத்து, மொத்தத்திலிருந்து மற்ற வட்டாரங்களின் எண்களைக் கழித்தாள். ஒன்று என்று வந்தது.

"நம்ம ஏரியால எத்தனை ஹாஸ்டல்க்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான்."

"சமையல்காரங்க?"

அவள் அறிக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதிகாரியின் அறைக்குப் போனோம். "சார், இந்த அறிக்கையை உடனே திரும்ப வாங்கணும். கழிச்சா ஆள் தெரிஞ்சுடுது" என்றாள்.

"யாரும்மா பென்சிலை வெச்சுக்கிட்டுக் கழிக்கப் போறா? சரி, ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க. மேலிடத்துல இப்பவே பேசறேன்."

அவளிடம் இருந்ததும் ஒரே ஓர் உதாரணம்தான். நான் வாயெடுத்ததும் என் கையை நசுக்கிவிட்டாள்.

"உதாரணம் இல்லை சார்."

"அப்ப திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

அந்த ஆளின் மேசையைக் கவிழ்க்கவேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் கூடவே போனேன். விடுதியில் இரவுச் சமையல் மும்முரமாக நடக்கும் நேரம். தம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, சீக்கிரம் வந்துட்ட?"

"மேனேஜர் கொஞ்ச நாளைக்கு வர வேணாம்னுட்டாருக்கா. ஏன்னு கேட்டா மூஞ்சியைப் பாக்கல. நான் வெச்ச கரண்டியைத் துணியால புடிச்சு குப்பைல போட்டாரு."

பூட்டக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் முகம் செத்துப்போனது. "உனக்கு யாரு சொன்னா? உங்க மாடிக்காரங்களா?"

"சத்தியமா யாரும் பேரைச் சொல்லலடா."

"பேரு எதுக்குக்கா? அங்க சமைக்கறது நான் ஒருத்தன்தானே."

அவள் விக்கி விக்கி அழுதாள். சமைத்துப் போட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயா அது? இல்லை என்று யாருக்குப் போய்ப் புரியவைப்பது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவர்கள் இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. போய்த் திறந்தேன். வீட்டுக்காரம்மா. அவள் மகள் அந்தப் பள்ளி அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள். எப்போதும் நேராகச் சமையலறை வரை வருகிறவள், அன்று படியிலேயே நின்றாள்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கேக்கறேன்" என்று சிரித்தாள். "இவங்க தம்பி எந்த ஹாஸ்டல்ல சமைக்கறாரு?"

பூட்டக்கா எழுந்து வருவதற்குள் உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"நான்தாம்மா அது. கேக்கறதை என்னையே கேளுங்க."

வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிய கையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.