மேற்கே போன சார்ஜன்ட்

யுத்தம் முடிந்து என் கணவர் பர்மாவிலிருந்து திரும்பிய அன்று, "ஒடம்பு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன். "டிக்கெட்டி பூ" என்றார். டிக்கெட்டும் பூவும் எதற்கு என்று விழித்தேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம்.

பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் அவர். அங்கே ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட் அவருக்குச் சிநேகிதராகியிருந்தார். வயதானவர், முதல் ஜெர்மன் யுத்தத்திலேயே சண்டை போட்டவர். அவரிடம் கற்ற இங்கிலீஷைத்தான் இவர் பேசினார். நான் ஐந்தாவது வரை படித்தவள். பள்ளிக்கூடத்தில் இந்த வார்த்தைகளையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. தேநீர் 'சார்', உருளைக்கிழங்கு 'ஸ்பட்', குடை 'ப்ராலி'. சீமைக்குப் பெயர் 'பிளைட்டி'.

"அது நம்ம பாய்ங்க சொல்ற விலாயத்துதான் மே. வெள்ளைக்காரன் வாயில பூந்து அப்படி ஆய்டுச்சி" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது மட்டும்தான் அவர் முகம் மலரும். மற்ற நேரமெல்லாம் மௌனம். ஜவ்வாது மலையிலிருந்து மூங்கில் ஏற்றி வரும் லாரியில் வேலை கிடைத்தது. போவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். அதனால் அந்த சார்ஜன்ட்டைப் பற்றி நானே கேட்டுக்கொண்டிருப்பேன். பார்க்காத அந்த மனிதர்மேல் எனக்கே ஒரு பாசம் வந்துவிட்டது.

ஒருநாள், "இப்ப அவரு எங்கங்க இருக்காரு?" என்றேன்.

"கான் வெஸ்ட்" என்று சொல்லிவிட்டு, பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

கான் என்றால் போய்விட்டார், வெஸ்ட் என்றால் மேற்கு என்று எனக்குத் தெரியும். சீமை மேற்கேதானே இருக்கிறது? ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

எங்கள் மாதா கோயிலை ஒட்டிய மருந்தகத்தில் ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் இருந்தார். தலை நரைத்தவர். அவர் விடுப்பில் சீமைக்குப் போகப்போவதாகக் கேள்விப்பட்டதும், மலைத்தேன் ஒரு புட்டி நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். சார்ஜன்ட்டிடம் கொடுக்கச் சொன்னேன்.

"எந்த ஊரு அவருக்கு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"தெரியாதுங்க சிஸ்டர். கான் வெஸ்ட்டுன்னுதான் எங்க வூட்டுக்காரரு சொன்னாரு."

சிஸ்டர் புட்டியை மெல்ல மேசைமேல் வைத்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அது சிப்பாய்ங்க பேச்சும்மா. பழைய பேச்சு. செத்துப்போனார் என்று அர்த்தம்." புட்டியைப் பார்த்துக்கொண்டே, "முதல் யுத்தத்தில் என் அண்ணனோடு இருந்த பையன் வந்து, என் அம்மாவிடம் இந்த வார்த்தையைத்தான் சொன்னான்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவர் வேப்பமரத்தடியில் வண்டிச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, அவரு செத்துட்டாராங்க?"

கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அதை மடித்துக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு எனக்கு ஜொரம் மே. நீ படுத்துக்கடான்னு சொல்லிட்டு, என் லாரிய அவரு எடுத்துனு போனாரு. பாலத்தாண்ட குண்டு வுயுந்துச்சி."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னனே, அவுங்க பாஷையில. தமிள்ல சொல்ல வாய் வர்ல. சொன்னா நெசமாய்டும்னு இருந்துச்சி."

பிறகு அழுதார். கல்யாணமான நாளாக அவர் அழுது நான் பார்த்ததில்லை. வண்டி மசி படிந்த அந்தக் கைகளை என் மடியில் வைத்துக்கொண்டேன். பொழுது சாயும்வரை பேசினார். அந்த மனிதருக்குப் பாடவே வராதாம், ஆனாலும் வண்டி ஓட்டும்போதெல்லாம் பாடுவாராம்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மாமனார் கல்லறைக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில் இவர் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். காற்று அணைத்துவிடாமல் நான் முந்தானையை மறைவாகப் பிடித்தேன்.

"அங்க யாருப்பா?" என்று பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"எங்க அண்ணங்க" என்றார் இவர்.