தலையாட்டியே படித்த கணினி

தொண்ணூறுகளில், பிராங்பேர்ட்டில் கணினி படித்தபோது, எங்கள் மூவர் குழுவில் இருந்த சுகந்தியைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். மென்பொருள் திட்டக் கூட்டங்களில் கூச்சமில்லாமல் “விளங்கேல்லை” என்பாள். பேராசிரியரும் அவளையே பாராட்டுவார். நானோ மானம் போகுமென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

திட்டத்தைச் செய்துகாட்டும் நாளில், நான் எழுதிய பகுதி வந்ததும் நிரல் நின்றுவிட்டது. தேறாவிட்டால் மூவருக்கும் அந்த ஆண்டே வீண். எனக்கு வேர்த்த வேர்வையில் விசைப்பலகை நீந்தியிருக்கும். சுகந்தி பேராசிரியரிடம் அரைமணி அவகாசம் வாங்கினாள்.

“அண்ணை, எது விளங்கேல்லை?”

“முதல் கூட்டத்திலயிருந்து எல்லாம்.”

“அட கடவுளே! இவருக்கு மட்டும் எல்லாம் விளங்குதே எண்டு எனக்கு உங்களில எவ்வளவு எரிச்சல் தெரியுமோ?”

அவள் சொல்லித்தர, நான் திருத்தினேன். தேறினோம். அன்றிலிருந்து விளங்காததை உடனே கேட்டுவிடுகிறேன். ஆனாலும் ஒரு மனக்குறை: என்மேல் ஒருவர் பொறாமைப்பட்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அதையும் நானே வாயைத் திறந்து கெடுத்துக்கொண்டேன்.