ஐந்து வீட்டு ஹண்டே

மரத்தூள் கனியும்போது எழும் புகை விறகுப் புகைபோல் கண்ணைக் கரிக்காது. தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மைசூரில் என் சிறுவயதுக் குளிர்காலங்கள் முழுவதும் அந்தப் புகைதான். ஒரே வாசலுக்குள் ஐந்து வீடுகள் அடங்கிய, "வட்டாரா" என்று அங்கே சொல்லும் குடியிருப்பில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். குளியலறை ஒன்றுதான். அதில் செங்கல் அடுப்பின்மேல் ஒரு பெரிய செப்பு "ஹண்டே" பதித்திருக்கும். ஐந்து வீட்டுக்கும் வெந்நீர் அதிலிருந்துதான்.

தசரா முடிந்து மழை விட்டதும் அடுப்பைக் குளிருக்குத் தயார் செய்வார்கள். செய்வார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். செய்தவள் என் அம்மா. சாம்பலை வழித்து, விரிசல்களில் செம்மண் பூசி, ஹண்டேயைப் புளி போட்டுத் துலக்குவாள். அப்பா மர மில்லில் சுமை தூக்கினார் என்பதால் மரத்தூள் மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டிலிருந்தே போயிற்று. மற்றவர்கள் தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் ஒன்றாகக் கொட்டிவிட வேண்டும், கொட்டியபின் இது எங்களுடையது என்று யாரும் கேட்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். அடியில் ஓட்டை போட்ட தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டித்து, உதிராமல் பாட்டிலைத் திருகி உருவி, டின்னை ஹண்டேக்கு அடியில் தள்ள வேண்டும். உனக்குத்தான் நன்றாக வருகிறது என்று சொல்லிச் சொல்லியே அந்த வேலையையும் அம்மாவின் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த வருஷம் நிறைமாத வயிற்றோடு குந்தி உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இரண்டு வாரத்துக்கான டின்களையும் அடைத்து வைத்தாள்.

தங்கை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீடு வந்த காலையில், ஐந்தில் ஒரு வீட்டில் குடியிருந்த ஓனரம்மா குளியலறை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"பதினோரு நாள் தீட்டு இருக்கல்வா? ஹண்டே தண்ணி எல்லாருக்கும் பொதுவானது. தீட்டு கழியட்டும், ஆமேலே பாத்துக்கலாம்."

பிரசவத்துக்கு ராமாபுரத்திலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, விடவில்லை.

"ஏனுங்கம்மா, அவ அடைச்சு வெச்ச தூளுக்குத் தீட்டில்லீங்களா?"

"அது நெருப்புல எரிஞ்சு போகுதே."

"தண்ணியும் அதே நெருப்புலதானுங்க கொதிக்குது? தூளுக்கு ஒரு நெருப்பு, தண்ணிக்கு ஒரு நெருப்புங்களா?"

பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் யாரோ சிரித்தார்கள். ஓனரம்மா, "வாய் ஜாஸ்தி ஆச்சு உங்களுக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அத்தை நேராக மாடிப்படிக்குப் போய், எங்கள் தூளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சாக்கை விரித்தாள். அதுவரை வாய் திறக்காமலிருந்த மூன்றாவது வீட்டுக்காரர் அப்போதுதான் திறந்தார்: "கொட்டினதத் திருப்பி எடுக்கற வழக்கம் இங்கே இல்லம்மா." மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். முற்றத்தில் மூன்று கல் கூட்டி மூட்டினால், சுவர் கரியாகும் என்று அதையும் அணைக்கச் சொன்னார்கள். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில், சோறாக்கும் பாத்திரத்தில்தான் தண்ணீர் காய்ந்தது. அடுத்த பாத்திரம் கொதிப்பதற்குள் முதலில் ஊற்றியது ஆறிப்போகும். பிள்ளை பெற்ற உடம்பு கிடுகிடுவென்று ஆட, குழந்தையின் உதடு நீலம் பாரிக்க, சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா அடைத்த தூளில் காய்ந்த வெந்நீரை நான்கு வீடும் மொண்டு ஊற்றிக்கொண்ட சத்தத்தைக் கேட்டபடி நாங்கள் இருந்தோம்.

தீட்டு கழிந்த மறுநாளே ஓனரம்மா சொல்லியனுப்பினார், டின் அடைக்க வரும்படி.

"நீ போனீன்னா உங்கூடப் பேச மாட்டேன் புள்ள" என்றாள் அத்தை.

அம்மா போனாள். டின் அடைத்தாள், மூட்டினாள், ஹண்டே கொதிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு குழந்தையையும் அத்தையையும் உள்ளே அழைத்துக்கொண்டு தாழ்ப்பாள் போட்டாள். பூஜைக்கு நேரமாகிறது என்று ஓனரம்மா கதவை இடித்தார். உள்ளே செம்பில் மொண்டு ஊற்றும் சத்தம் நிற்கவில்லை. "இன்னும் ரெண்டு ஊத்து, இடுப்புக்கு" என்று அத்தையின் குரல் மட்டும் கேட்டது. அடிவரை மொண்டு தீர்த்துவிட்டு, முகம் சிவக்க ஈரத்தலையோடு அம்மா வெளியே வந்தாள்.

"காலி பண்ணிட்டியா?" என்றார் ஓனரம்மா.

"பொதுத் தண்ணிதானுங்களே" என்றாள் அம்மா.

இப்போது அந்த வட்டாரா இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஹண்டே எந்தப் பாத்திரக்கடையில் உருகிப்போனதோ, தெரியாது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், பழைய மூன்றாவது வீட்டுக்காரர் பந்தியில் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "அஞ்சு வீட்டுக்கு ஒரே ஹண்டே, என்ன ஒற்றுமை! இப்ப ஆளுக்கொரு கீசர், ஆளுக்கொரு கதவு." இலைக்கு இலை தலையாட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த என் அம்மாவும், "ஆமாங்க, நல்லாத்தான் இருந்தோம்" என்றாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பழக்கமில்லை. அன்றும் குனிந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்: நாங்கள் நன்றாக இருக்கவில்லை.