ரேடியோ செட்டை நிறுத்திய வெள்ளிக்கிழமை

வேலை கிடைக்காததுகூடப் பரவாயில்லை. அந்த மெயிலில் எழுதியிருந்த காரணத்தைத்தான் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அனுமந்தன்பட்டியில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம், மகள் இரண்டாம் வகுப்பு. இனி எல்லோரும் ஆபீஸுக்கு வந்தே தீர வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. திராட்சைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டா சென்னைக்குப் போக முடியும்? அப்போதுதான் ஒரு பெரிய நிறுவனத்தில் டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள். பல குழுக்கள் தனித்தனியாகச் செய்யும் வேலையைக் கோத்து, சொன்ன தேதியில் முடிக்க வைக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கும் நாம் மேலதிகாரி இல்லை, அதுதான் அதில் சிக்கல். இன்டர்வியூவில் மற்ற சுற்றுகளையெல்லாம் தாண்டிவிட்டேன். கடைசிச் சுற்று வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. கிடைத்தால் மகளோடு இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கென்று பார்த்துப் பக்கத்து வீட்டில் காதுகுத்து. விடிந்ததிலிருந்து ரேடியோ செட் அலறுகிறது. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை எங்கள் வாசல் வேப்பமரத்திலேயே கட்டிவிட்டார்கள்.

செட்டுக்குச் சொன்னவர் பிள்ளையின் தாய்மாமன். வடுகபட்டியிலிருந்து சீர் கொண்டுவந்தவர், ராகு காலம் முடியட்டும் என்று தட்டுகளோடும் மேளக்காரர்களோடும் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் உட்கார்ந்திருந்தார். விசேஷ வீட்டில் பாட்டை நிறுத்தச் சொல்வது லேசுப்பட்ட காரியமா? இழவு விழுந்தால்தான் நிறுத்துவார்கள். துணிந்து கேட்டேன்.

"நல்ல காரியத்துல நிறுத்தச் சொல்றியேத்தா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிள்ளய விட்டுட்டுப் போகாம இருக்கத்தான கேக்குற. சரி போ, ராகு காலந்தான ஓடுது" என்று செட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினார்.

செட் நின்றது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். இன்டர்வியூ எடுக்க வேண்டிய ஆளைக் காணோம். பதினொன்றே காலுக்கு ஒரு வரி வந்தது: வேறு மீட்டிங் இழுக்கிறது, பன்னிரண்டுக்கு வைத்துக்கொள்வோமா? பெரிய மனசு, கேள்விக்குறியெல்லாம் போட்டிருந்தார்.

பன்னிரண்டுக்குத்தான் சீர் தெருவுக்குள் நுழைகிறது. மேளம், வேட்டு எல்லாமே அப்போதுதான். எந்த முகத்தோடு திரும்பப் போய் நிற்பது? நின்றேன்.

தாய்மாமன் முகம் கறுத்துவிட்டது. "ஏத்தா, சீரு ஊமையா வந்தா என் தங்கச்சி மாமியா வீட்ல என்ன பேசுவாக?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஷயம் தெரிந்து பிள்ளையின் அம்மாவே அங்கே வந்துவிட்டாள். "சும்மா வாங்கண்ணே. யார் பேசுறாகன்னு நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

பன்னிரண்டுக்குச் சீர் என் ஜன்னலைத் தாண்டிப் போனது. மேளக்காரர்கள் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நடந்தார்கள். வேட்டு கூடையிலேயே இருந்தது. பேச வாயெடுத்த ஒரு பெரியவரை யாரோ "உஸ்" என்று அடக்கினார்கள்.

அந்த ஆள் வந்தார். கேமராவைப் போடவில்லை. எதையோ மென்றுகொண்டே கேட்டார்: "உங்களுக்குக் கீழே இல்லாதவர்களை உங்கள் பேச்சைக் கேட்க வைத்த ஓர் அனுபவம் சொல்லுங்கள்."

ஆபீஸ் கதைகள் தயாராகத்தான் இருந்தன. ஆத்திரத்தில், "இப்போதுதான் சார், ரெண்டு தடவை" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சிரித்தார். "சுவாரசியமாக இருக்கிறது. கொஞ்சம் பெரிய அளவில் ஏதாவது?"

பெரிய அளவிலாம்! வெளியே ஒரு தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். மகள் முகம் கண்ணுக்குள் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆபீஸ் கதை ஒன்றைச் சொன்னேன். அரை மணியில், அடுத்த மீட்டிங் என்று கிளம்பிவிட்டார். வாசலுக்கு வந்து கையைக் காட்டினேன், செட் அலறியது, வேட்டு வெடித்தது.

அடுத்த வாரம் மெயில் வந்தது. அதிகாரம் இல்லாத இடத்தில் மற்றவர்களை இணங்க வைக்கும் திறன் என்னிடம் போதுமான அளவுக்கு வெளிப்படவில்லையாம்.

தங்கச்சியைப் பார்க்க வந்த தாய்மாமன் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னத்தா, வேல கெடச்சிருச்சுல்ல?"

"இல்லண்ணே. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாகளாம்."

"எவன் சொன்னது? வீடு எங்கன இருக்குன்னு கேளு. செட்டக் கொண்டுபோயி அவன் வாசல்ல கட்டுவோம்!"

அக்கம்பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நீ சென்னைக்குப் போயிருவியாம்மா?" என்றாள்.

"நாசமாப் போறவன்" என்று வாய்விட்டே திட்டினேன்.

"யாரும்மா?" என்றாள். யாரைக் காட்டுவேன்? அந்த ஆள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.