பச்சைப் புள்ளிக்குள் எத்தனை இன்ச்?

மார்ச் 10, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி பதினெட்டு நிமிடம். விழுப்புரத்தில் வெயில் அப்போதே முதுகைச் சுட ஆரம்பித்திருந்தது. காற்று என்று ஒன்று இல்லவே இல்லை. எங்கள் ஆபீஸில் மூன்று ஃபேன். சுற்றுவது ஒன்று. அது எங்கள் டீம் லீடர் சங்கீதாவின் தலைக்கு நேர் மேலே.

அன்றைய ஐந்தாவது போனை எடுத்தேன்.

இருங்கள். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு ஏது ஆபீஸ், ஏது டீம் லீடர் என்று கேட்பீர்கள். போன வருடம் வரை வீட்டில்தான் இருந்தேன். காலையில் பால் பாக்கெட்டில் அளவு குறைகிறது என்பேன். மாலையில் எதிர்வீட்டு மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று சொல்வேன். என் மனைவி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் பேப்பரில் வந்த விளம்பரத்தை வெட்டி காபி டம்ளருக்கு அடியில் வைத்தாள். 'வாடிக்கையாளர் உதவி மையத்துக்குத் தமிழ் பேசுபவர்கள் தேவை. வயது தடையில்லை.'

அப்படித்தான் திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலேறி விழுப்புரம் போகிறேன். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக் கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும். அடுத்த ஸ்டேஷன் விழுப்புரம். இதற்கு எதற்கு உட்கார வேண்டும்? ஆனாலும் உட்காருவேன். டிக்கெட் வாங்கியிருக்கிறேனே.

வேலை இதுதான். ஒரு இணையதளம். பெயர் வேண்டாம், சங்கீதா இந்தப் பத்தியைப் படிப்பவள். விவசாயிகள் தங்கள் போர்வெல் எத்தனை அடி ஆழம், குழாயில் எத்தனை இன்ச் தண்ணீர் வருகிறது என்று அதில் பதிவார்கள். அது மேப்பில் ஒரு புள்ளியாகத் தெரியும். நல்ல தண்ணீர் என்றால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊரே தகவலைப் பகிர்ந்துகொண்டால் வீணாகப் போர் போட்டு யாரும் ஏமாற மாட்டார்கள் என்பது திட்டம். நல்ல திட்டம். பெங்களூருவில் ஏசி ரூமில் உட்கார்ந்து போட்டது.

அதில் சந்தேகம் வந்தால் எங்களுக்குப் போன் செய்வார்கள். என்ன சந்தேகம் தெரியுமா?

"சார், ஆப்ல பதிஞ்சி ஒரு வாரம் ஆவுது. இன்னும் தண்ணி வரலியே?"

"சார், என் நிலத்த ஏரிக்குள்ள காட்டுது. பட்டா கேன்சல் ஆயிடுமா?"

ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். பொதுவாக யார் பெயரையாவது வைத்திருப்பீர்கள், யோசித்துப் பாருங்கள் என்றேன். கிசுகிசுப்பாக, "ஞாபகம் வந்துடுச்சு சார். வூட்ல பக்கத்துல இருக்கா. அப்புறமா சொல்றேன்" என்று வைத்துவிட்டார். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாங்கள் தினமும் கத்துகிறோம். ஒருவராவது கேட்கிறாரே.

சரி, அந்த ஐந்தாவது போன்.

"சார், மேல்மலையனூர் பக்கத்துலேர்ந்து பச்சையம்மா பேசறேங்க. அந்த மேப்புல எங்க போருக்குப் பச்சை புள்ளி வெச்சிருக்கீங்களே, அத எடுத்துடுங்க. இன்னிக்கே எடுத்துடுங்க."

"நாங்க வைக்கலீங்க. நீங்க பதிஞ்சதுதான்."

"நான் எங்க பதிஞ்சேன்? எம் போன்ல எம் மருமவன் பதிஞ்சிட்டான். மெட்ராஸ்லேர்ந்து பொங்கலுக்கு வந்தவன் சும்மா இருந்தானா? 'அத்தை, எவ்ளோ தண்ணி வருது'ன்னான். மூணு இன்ச்சுன்னேன். அத அப்படியே போட்டுட்டு ஊருக்குப் போயிட்டான்."

"நெஜமா மூணுதானா?"

"மூணுதாங்க. பெத்தவ கிட்ட சொல்ற மாதிரி சொல்றேன்."

பிரச்சினை புரிந்தது. பச்சையம்மாளின் கணவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒரே போர். அதை நம்பி ஒரு ஏக்கர் மல்லாட்டை போட்டிருக்கிறார். வேர்க்கடலையைச் சொல்கிறேன். இன்னும் ஒரு மாதம் தண்ணீர் பாய்ந்தால்தான் காய் முற்றும். பக்கத்து நிலம் கணவரின் அண்ணன் கோவிந்தனுடையது. மேப்பில் பச்சைப் புள்ளியைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. வரப்பு ஓரமாக, பச்சையம்மாளின் போருக்கு முப்பது அடி தள்ளி, புதுசாகப் போர் போட வண்டி சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை வண்டி வருகிறது.

முப்பது அடியில் இன்னொரு போர் இறங்கினால் என்ன ஆகும்? இருக்கிற தண்ணீர் இரண்டாகப் பிரியும். மல்லாட்டை காயும்.

"அந்தப் புள்ளிய எடுத்துட்டா மாமா நம்பமாட்டாரு சார். அதுல தப்பா போட்ருக்குதுன்னு நான் சொல்லிக்குவேன்."

என் முன்னால் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். 'பகிர்ந்த தகவலை நீக்கக் கோரினால், பதினைந்து வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும் எனக் கூறவும்.' கூறினேன்.

"பதினஞ்சு நாளா? அதுக்குள்ள அவரு தண்ணி எடுத்து நெல்லே நட்டுடுவாரு."

போனை வைத்துவிட்டார். நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கீதா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், அந்த கம்ப்ளெய்ன்ட் டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"ஜல்தியா பண்ணுங்க சார். கஸ்டமர் ஹேப்பியா போன வெச்சாங்களா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? பண்ணையில் கோழி சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்பது போல.

மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன். போன்.

"சார், மேல்மலையனூர் பக்கம். கோவிந்தன் பேசறேன். எங்க தம்பி பொண்டாட்டி நெலத்துல ஒரு பச்சை புள்ளி இருக்குது. அதப் பத்தி ஒரு டவுட்டு."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு வாடிக்கையாளரின் விஷயத்தை இன்னொரு வாடிக்கையாளரிடம் பேசக்கூடாது. அதுவும் அட்டையில் இருக்கிறது. ஆனால் ஒரே வரப்பின் இரண்டு பக்கத்திலும் வாடிக்கையாளர் இருந்தால் என்ன செய்வது என்று அட்டையில் இல்லை.

"சொல்லுங்க."

"அதுல மூணு இன்ச்சுன்னு எழுதியிருக்குது. அப்போ உள்ள ஆறு இருக்கும்தான சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மூணுன்னா மூணுதானுங்களே. ஆறு எப்படி வரும்?"

"இன்னா சார் நீங்க, எவன் சார் முழுசா எழுதறான்? என் போரையே முக்கா இன்ச்சுன்னுதான் போட்ருக்கேன்."

"உள்ளது?"

"இது ரெக்கார்டு ஆவுதா சார்?"

"ஆவுது."

"அப்போ முக்காதான்."

"சரி, ரெக்கார்டுக்கு முக்கா. எனக்கு எவ்ளோ?"

"...ஒன்றரை."

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் இருந்த காலம் முழுக்க, அறுவடை நேரத்தில் வயல் வயலாகப் போய் மகசூல் கணக்கெடுத்தவன் நான். எந்த விவசாயியும் என்னிடம் முழு மகசூலைச் சொன்னதில்லை. பத்து மூட்டை கண்டால் ஐந்து என்பார். கேட்டால் கண் பட்டுவிடுமாம். கடன் கொடுத்தவன் வாசலுக்கு வந்துவிடுவானாம். பங்காளி பங்கு கேட்பானாம். அதனால் பாதி. இது பொய் இல்லை, ஒரு மரியாதை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். கேட்கிறவர் மனதுக்குள் இரட்டிப்பாக்கிக்கொள்வார். கணக்கு சரியாகிவிடும்.

இந்தக் கணக்குக்குள் சென்னை மருமகன் வந்து முழுசாக எழுதிவிட்டுப் போனால்? ஊரே அதையும் இரட்டிப்பாக்கும். மூன்று ஆறாகும். கோவிந்தன் வண்டி சொன்னது மூன்று இன்ச்சுக்காக இல்லை. இல்லாத அந்த இன்னொரு மூன்றுக்காக.

என்ன சொல்வது? அட்டைப்படி சொல்ல வேண்டியது, 'தகவலின் உண்மைத்தன்மைக்குத் தளம் பொறுப்பல்ல.' அதைச் சொன்னால் அவர் ஆறை எட்டாக்கிக்கொள்வார். சங்கீதாவைப் பார்த்தேன். ஃபேன் காற்றில் பறந்த பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிந்தன், அத எழுதினது உங்க தம்பி பொண்டாட்டி இல்லீங்க. அவங்க மருமகன்."

"யாரு, அந்த மெட்ராஸ் பையனா?"

"அவர்தான்."

பெரிய பெருமூச்சு ஒன்று கேட்டது. மேல்மலையனூரிலிருந்து விழுப்புரம் வரை வந்த பெருமூச்சு.

"போச்சுடா. அவன் பொண்ணு பாக்க வந்தப்பவே சம்பளத்த உள்ளது உள்ளபடி சொன்னவன் சார். மாப்ள வூட்டுக்காரங்க ரெண்டு மடங்கா சொல்லுவாங்கன்னு நாங்க பாதியா எடுத்துக்கினோம். இந்த சம்பளத்துக்குப் பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னு ரெண்டு மாசம் இழுத்தோம். கடைசில பாத்தா, சொன்னது முழுசும் அப்டியே வருது. அவனுக்குக் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. வெகுளி."

"அப்போ மூணுன்னா..."

"மூணுதான்."

"சரி, கணக்குப் போடுங்க. ஆறு இருந்தா, நீங்களும் போட்டா ஆளுக்கு மூணு. மூணுதான் இருந்தா?"

"ஆளுக்கு ஒன்றரை."

"உங்ககிட்ட இப்ப எவ்ளோ இருக்கு?"

"...அதான் சொன்னனே. முக்கா." பிறகு அவரே சிரித்துவிட்டார். "ஒன்றரை இருக்குது சார். வெறும் இன்னொரு ஒன்றரைக்காக நான் ஏன் இவ்ளோ காசு குடுத்துத் தோண்டணும்? அவளும் காய்ஞ்சி போவா. நாளைக்கு நல்லது கெட்டதுக்கு மூஞ்ச எப்டி பாக்கறது? வண்டிக்காரனுக்கு போன் போட்றேன். அட்வான்ச திருப்பித் தரமாட்டான், அது ஒரு பேஜாரு."

பேசிய பிறகு எல்லோருக்கும் ஒரு எஸ்எம்எஸ் போகும், எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் என்று. கோவிந்தன் ஒன்று கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், 'தண்ணி கம்மி' என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை நான் வேலையே பார்க்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மேல்மலையனூரா என்று பார்த்தேன். பதினொன்றரைக்குப் பச்சையம்மாள் கூப்பிட்டார்.

"வண்டி வரலீங்க. காலையிலேர்ந்து வரப்புல உக்காந்துக்கினு இருந்தேன். மாமாதான் வந்தாரு. 'உம் மருமவன் சரியான ஆளு'ன்னுட்டுப் போறாரு. திட்டறாரா பாராட்டறாரான்னு தெரியல."

"ரெண்டும்தான்."

"மாமா சரி சார். அந்தாண்ட பக்கத்து நெலத்துக்காரனும் நேத்து மேப்ப காட்டிக்கினு வந்து என் போர எட்டிப் பாக்கறான். நான் இன்னா பண்றது?"

நியாயம். ஒவ்வொரு பக்கத்து நிலத்துக்காரரிடமும் மருமகனின் குணத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? நீக்கத்தான் பதினைந்து நாள். திருத்துவதற்குத் தடை ஏதும் இல்லை. பென்சில் படம் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அழுத்தினார்.

"எவ்ளோன்னு போடட்டும் சார்?"

எண்ணை ஒருநாளும் மாற்றி எழுதியதில்லை நான். ரேஷன் அரிசியைக்கூட வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கிறவன்.

"ஒன்றரைன்னு போடுங்க."

"அது பொய்யாச்சே?"

"உங்க ஊர்ல படிக்கறவங்க அத எவ்ளோன்னு படிப்பாங்க?"

"மூணுன்னு."

"உள்ளது எவ்ளோ?"

"மூணு."

"அப்புறம் எங்க பொய்?"

தளம் விடுமா? திருத்தக் காரணம் கேட்டது. 'தவறான பதிவு', 'பருவ மாற்றம்', 'பிற'. 'பிற' என்று போடச் சொன்னேன். இந்த ஜில்லாவின் மொத்த வரலாறும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. பச்சை மஞ்சளானது. பச்சையம்மாள் ஐந்து ஸ்டார் கொடுத்தார். அவர் கை தாராளம், தண்ணீர் விஷயத்தைத் தவிர.

மறுநாள் சங்கீதா கூப்பிட்டாள். கோவிந்தனிடம் நான் பேசிய ரெக்கார்டைக் கேட்டிருக்கிறாள்.

"சார், யார் பதிஞ்சாங்கன்னு வெளிய சொல்லிட்டீங்களே. மேல ரிப்போர்ட் போயிடுச்சு. உங்க இந்த மாச இன்சென்டிவ் கட்டு."

"முழுசாவா?"

"முழுசாதான் சார். இதுல பாதி எல்லாம் கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "எங்கப்பாவும் ஆப்ல பதிஞ்சிருக்காரு சார். ஒரு இன்ச்சுன்னு. அப்போ ரெண்டா? எங்க கிட்ட எப்பவும் தண்ணியே இல்லன்னுதான சொல்லுவாரு."

அட்டையைக் காட்டினேன். ஒரு வாடிக்கையாளரின் விஷயத்தை இன்னொருவரிடம் பேசக்கூடாது.

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கண்டக்டர் போன் செய்தார். மேல்மலையனூர் பஸ்ஸில் உங்கள் பெயருக்கு ஒரு மூட்டை வந்திருக்கிறது, லக்கேஜ் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். காசு எண்ணிக் கொடுத்துவிட்டுத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு தைலம்.

பச்சையம்மாளைக் கூப்பிட்டேன். "எதுக்குங்க இதெல்லாம்?"

"நல்லா வெளைஞ்சிருக்குது சார். சும்மா அஞ்சு கிலோ மல்லாட்டை, அவ்ளோதான்."

வீட்டில் தராசில் வைத்தேன். பத்து கிலோ.

மனைவி மல்லாட்டையை வேகவைத்து ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். இந்தச் சமூக சேவையில் மொத்தம் எவ்வளவு போச்சு என்று கேட்டாள். இன்சென்டிவ், லக்கேஜ், தைலம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ரூபாய் அறுநூற்று முப்பது. நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்றால், எப்படிப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.