திமில் மேல் ஒரு குழி

செருப்பைக் கழற்றி வண்டியிலேயே போட்டுவிட்டு, வெறுங்காலுடன் புல்மேட்டில் ஏறுகிறார். ஏறும்போது பார்வை தரையில் இல்லை. எதிரே எங்கோ வெட்டவெளியில் இருக்கிறது. பார்க்க வேண்டியதைப் பாதம் பார்த்துக்கொள்கிறது. நேராக நாலு எட்டு, பக்கவாட்டில் இரண்டு எட்டு. நிற்கிறார். பெருவிரலை மட்டும் ஒருமுறை அழுத்துகிறார். "இங்க சரியா வரல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிவிடுகிறார். சூரியன் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

குழி வெட்டுவது இவருடைய வேலை. கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டுக் குழிகள் உண்டு என்பது எனக்கும் தெரியும். அவை தினமும் இடம் மாறும் என்பது இவரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கொடி நடப்பட்ட இடத்தைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கிறதே, அதைக் 'கிரீன்' என்கிறார்கள். குழி ஒரே இடத்தில் இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டே செத்துப்போகும். அதனால் தினம் ஒரு இடம். குழாய் போன்ற ஒரு கருவியை இரண்டு கையாலும் திருகித் திருகி இறக்கி, புல்லும் மண்ணுமாக ஓர் உருளையைப் பிடுங்கி எடுக்கிறார். அதையே கொண்டுபோய் நேற்றைய குழியில் பொருத்தி, குதிகாலால் மிதித்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறார். நேற்று அங்கே குழி இருந்தது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒன்பது வருடமாக இந்த வேலை. அதற்கு முன் பத்தொன்பது வருடம் தையற்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்தார். கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் இங்கே வந்தார். "இங்க குழி பெருசு, கண்ணுக்குத் தெரியுது" என்கிறார். நாலேகால் அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. "பட்டன் உள்ள போகணும், ஆனா லொடலொடன்னு இருக்கக் கூடாது. இதுவும் அப்படித்தான்." மைதானத்தில் தலைவர் முதல் தோட்டக்காரர்வரை எல்லோருக்கும் இவர் காஜாக்கா.

மைதானம் ஒரு பழைய கல்குவாரியின் மேல் அமைந்தது. அதை வடிவமைத்தவர் சோம்பேறியா, குசும்புக்காரரா என்பதில் கிளப்பில் இரண்டு கட்சி. ஏழாவது கிரீனுக்கு முன்னால் ஆளுயரக் கல்சுவர் ஒன்று நிற்கிறது. குவாரியின் கிடங்குச் சுவர், இடிக்காமலே விட்டுவிட்டார். ஒன்பதாவதில் எதை நோக்கி அடிக்கிறோம் என்றே தெரியாது. முன்னால் ஒரு குன்று. ஆடி முடித்தவர்கள் அந்தப் பக்கமிருந்து மணி அடித்தால்தான் இந்தப் பக்கம் இருப்பவர்கள் பந்தை அடிக்கலாம். மணியடித்துவிட்டு அங்கேயே நின்ற ஒருவர் முதுகில் பந்து விழுந்து, ஒரு வாரம் குப்புறப் படுத்துத் தூங்கினாராம்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது பதிமூன்றாவது. அந்தக் கிரீனின் நட்டநடுவில், படுத்திருக்கும் காளையின் முதுகு போல ஒரு மேடு. உடைக்க முடியாத பாறை. மேலே மண்ணைக் கொட்டிப் புல்லை வளர்த்துவிட்டார்கள். இந்தப் பக்கமிருந்து தட்டிய பந்து மேட்டில் பாதி ஏறி, யோசித்து, தட்டியவர் காலடிக்கே திரும்பி வரும். "பதிமூணுக்குத் திமிலும் உண்டு, திமிரும் உண்டு" என்பார் காஜாக்கா. அந்தக் கிரீனில் குழி வெட்ட ஐந்தே இடங்கள்தான் தேறும். ஐந்தையும் நோட்டில் படம் போட்டு, முறை வைத்திருக்கிறார். மூன்றடி தள்ளி நின்று பந்தைக் கையால் உருட்டுவார். குழியில் விழாவிட்டால் பக்கத்திலாவது நிற்க வேண்டும். "நிக்கலன்னா அது குழி இல்லீங்க, சாக்கடை."

கிளப் தலைவர் ஓர் எலும்பு மருத்துவர். காலையில் இவரைப் பார்த்ததும் கும்பிடாத குறையாகக் கேட்பார்: "காஜாக்கா, இன்னிக்காவது கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதா?"

"இரக்கமெல்லாம் உங்க ஆஸ்பத்திரியில காட்டுங்க டாக்டர். இங்க முறைதான்."

இவர் ஒருநாளும் ஆடியதில்லை. மட்டையைத் தொட்டதும் இல்லை. ஏன் என்று கேட்டால், "வெட்டுறவளே ஆடினா நல்லாவா இருக்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

போன வருடம் கிளப்புக்குப் புதிய மேலாளர் வந்தார். சுறுசுறுப்பானவர், சட்டையில் சுருக்கம் பார்க்க முடியாது. பெரிய போட்டிகளை இங்கே கொண்டுவர வேண்டும், அதற்கு இந்தத் திமில் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். ஒரு சனிக்கிழமை அவர்கள் பதிமூன்றாவதை ஆடிப் பார்த்துவிட்டு, மேட்டை இடிப்பதா வைப்பதா என்று ஓட்டுப் போடுவதாக முடிவானது. முந்தைய நாள் சாயங்காலம், கருவிகள் வைக்கும் கொட்டகையில் இவர் குழி வெட்டும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்தார்.

"அக்கா, நாளைக்குப் பதிமூணுல குழிய மேட்டு உச்சியிலயே வெட்டிடுங்க."

"அங்க பந்து நிக்காது சார்."

"நிக்கக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன். ஆளுக்குப் பத்துத் தடவ அடிச்சு நொந்து போனாங்கன்னா, இடிங்கன்னு அவங்களே சொல்லிடுவாங்க."

இவர் துடைப்பதை நிறுத்தவில்லை. மேலாளர் கிளம்புவது போலத் திரும்பி, நினைவுக்கு வந்தது போல நின்றார். "மேற்பார்வையாளர் இடம் காலியாத்தானே இருக்கு? உங்க பேரத்தான் எழுதலாம்னு இருக்கேன்."

அந்த இடம் காலியாகி ஏழு மாதம். ஏழு மாதமும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்தான், பெயர் இல்லாமல். "பாக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். விஷயத்தைக் கேட்டதும், துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "சொன்ன இடத்துல வெட்டிட்டு வாயேன். நம்ம வீட்டுக் குழியா?" என்றார்.

"பிரேக் போடாம ஓட்டுன்னு உங்க முதலாளி சொன்னா ஓட்டிடுவீங்களா?"

"அது புள்ளைங்க உயிரு. இது பந்து."

"அத யோசிச்சுக்கிட்டேதான் படுத்தேங்க" என்று காஜாக்கா என்னிடம் சொன்னார். "அவர் சொன்னது சரிதானே?"

மறுநாள் காலை மேலாளர் சொன்ன இடத்தில்தான் வெட்டினார். இதை அவர் மறைப்பதில்லை. "வெட்டினேன். பொய் சொல்ல மாட்டேன்." உச்சியில் குழி எடுத்து, உள்ளே பந்து விழுவதற்கான கிண்ணத்தை இறக்கி, கொடியும் நட்டாயிற்று. பிறகு கை சும்மா இருக்கவில்லை. மூன்றடி தள்ளி நின்று ஒரு பந்தை உருட்டினார். அது குழியின் விளிம்பை உரசி, சரிவில் இறங்கி, கிரீனையும் தாண்டி, கீழே இருக்கும் ஓடைக்குள் போனது. இன்னொன்று. அதுவும் ஓடைக்கு. மூன்றாவதை உருட்டவே இல்லை. குழிக்கு ஒரு சாண் தள்ளிச் சும்மா வைத்துவிட்டுக் கையை எடுத்தார். அதுவும் கிளம்பிப் போய்விட்டது.

"துணியோட ஓரத்துல காஜா எடுத்த மாதிரி இருந்துச்சு. பட்டன் போட்டா பிச்சிக்கும். என் கையால அப்படி ஒண்ணு கடைக்கு வெளிய போனதில்ல."

கிண்ணத்தைப் பிடுங்கினார். புல் உருளையைத் திரும்பப் பொருத்தி மிதித்தார். நோட்டைப் பார்த்தார். அன்றைக்கு முறை நாலாம் இடம். திமிலுக்குப் பின்னால், இடப்பக்கம். அங்கே வெட்டி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. குழுவினரின் பேச்சுச் சத்தம் பாதையில் கேட்டது.

மேலாளர்தான் முதலில் வந்தார். கொடி கீழே நிற்பதைப் பார்த்துவிட்டு மேட்டில் ஏறினார். அவசரத்தில் மூடிய குழி, வட்டம் தெரிந்தது.

"இங்க வெட்டியிருக்கீங்களே?"

"வெட்டினேன் சார். மூடிட்டேன்."

"ஏன்?"

"குழி வெட்டத்தான் சார் சம்பளம் வாங்குறேன். குழி பறிக்க இல்ல."

பின்னால் வந்துகொண்டிருந்த வக்கீலம்மா காதில் அது விழுந்தது. குழுவில் ஒரே பெண் அவர்தான். மதியத்துக்குள் அந்த வாக்கியம் கிளப் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. "யோசிச்சுப் பேசலீங்க. வாய்ல வந்துடுச்சு" என்கிறார் காஜாக்கா. சொல்லும்போது முகத்தில் பெருமை எதுவும் இல்லை, கொஞ்சம் சங்கடம்தான்.

ஒன்பது பேரும் ஆடினார்கள். மருத்துவர் ஆறு தடவை தட்டினார். ஒருவர் மட்டையைப் புல்லில் வீசிவிட்டுப் பிறகு அவரே குனிந்து எடுத்துக்கொண்டார். வக்கீலம்மா குழிக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் பந்தைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பந்து திமிலின் தோளில் ஏறி, வளைந்து, பின்பக்கமாக இறங்கி, குழிக்கு இரண்டு சாண் தூரத்தில் போய் நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஐந்துக்கு நாலு. திமில் பிழைத்தது. அந்த ஐந்தாவது ஓட்டு யாருடையது, எதைப் பார்த்து விழுந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மேற்பார்வையாளராக வேறொரு மைதானத்திலிருந்து ஒருவர் வந்தார். அந்த உத்தரவை அலுவலக வாசல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். காஜாக்கா இரண்டு வாரம் அந்தப் பலகைப் பக்கம் வராமல், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகப் போய்வந்தார். கணவர், "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசி முடிச்சிருப்பேன். பேசாம இருந்தாரு பாருங்க, அதுதான் தாங்கல." புதிய மேற்பார்வையாளர் மோசமில்லை. தினமும் காலையில் வந்து, "அக்கா, இன்னிக்கு எங்க?" என்கிறார். இவர் சொல்கிறார். அவர் எழுதிக்கொள்கிறார்.

மேலாளரும் இருக்கிறார். இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். வேலை இருந்தால் பேசுகிறார்கள்.

நான் கடைசியாகப் போன மாலை, பதிமூன்றாவதில் மேலாளர் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். தண்ணீர் விடுவதற்காகக் காஜாக்கா பாதையோரக் குழாயடியில் காத்திருந்தார்; பக்கத்தில் நான். மேலாளர் தட்டிய பந்து மேட்டில் பாதி ஏறித் திரும்பி வந்தது. இன்னொரு தடவை தட்டினார். அதுவும் வந்தது. ஐந்தாவது தடவை மேட்டைத் தாண்டி, சறுக்கி, குழியின் உதட்டைச் சுற்றி, விழாமல் வெளியே நின்றது. பந்தருகே போய் மட்டையைத் தூக்கினார், தட்டவில்லை. அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. ஷூவின் முனை பந்தை நோக்கி லேசாக நகர்ந்தது. அவர் எங்கள் பக்கம் தலையைத் திருப்புவதற்குள் காஜாக்கா முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார்.

"நீங்களும் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில்.

திரும்பினேன். பின்னால் கிண்ணத்துக்குள் பந்து விழும் சத்தம் கேட்கும்வரை, ஏற்கெனவே மூடியிருந்த குழாயை அவர் இறுக்கி இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.