நெஞ்சுக்கு நல்ல மாத்திரை

பிள்ளைகளே, இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் தெம்பனிஸ் வட்டாரத்தில் குடியிருந்தோம். எனக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். தினமும் இரண்டு வேளை பஃப்பரை வாயில் வைத்து மருந்தை உள்ளே இழுக்க வேண்டும். கிடங்கில் என்னோடு வேலை செய்தவர்கள், "என்னண்ணே, வாய்க்குள்ள சென்ட் அடிக்கிறீங்களா?" என்று சிரிப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில் டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கப் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்து, "நெஞ்சுக்கு நல்லது" என்றார். இதயத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பத்து வயது மகளிடம், "நெஞ்சுக்கு மாத்திரை வந்துடுச்சும்மா, இனி பஃப்பர் வேணாம்" என்றேன். அவள் நம்பினாள். சாப்பாடு முடிந்ததும் மறக்காமல் மாத்திரையை எடுத்துத் தருவாள்.

மூன்றாவது வாரம் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தமிழ்த் தாதி ஒருவர், "பஃப்பர் ஏன் அடிக்கல?" என்று கேட்டார்.

மகள் முந்திக்கொண்டாள். "மாத்திரை தினம் கொடுத்தேன் மிஸ்ஸி."

"அது கொலஸ்ட்ராலுக்கும்மா, மூச்சுக்கு இல்ல. படிக்கிற பொண்ணு, கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதா?"

"சாரி மிஸ்ஸி, என் தப்புதான்" என்று அழுதாள்.

ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில், "அப்பாதான்மா பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "நீங்க அன்னிக்கு முழிச்சிருந்ததும் தெரியும்பா" என்றாள்.

மூச்சு ஒரு வாரத்தில் சீராகிவிட்டது. அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குப் பல நாள் பிடித்தது.